கூட நடக்க ஓர் ஆள்!

பாரிச வாயு கண்டவர் தேற மாத்திரை மாத்திரம் போதாது

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், காட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது சானமாவு. ராகிக் கதிர் முற்றும் பருவம் வந்துவிட்டால் இந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் தவறாமல் அடிபடும். காரணம், யானைகள்! கர்நாடகத்துப் பன்னேருகட்டா காட்டிலிருந்து புறப்படும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக வந்து சானமாவுக் காட்டில் முகாம் போட்டுவிடும். பகலெல்லாம் காட்டுக்குள் நிற்கும். இருட்டியதும் வயலில் இறங்கும். விடிவதற்குள் திரும்பிவிடும்.

அந்த நாட்களில் வனத்துறையார் சுற்று வட்டாரத்துக்கு எச்சரிக்கை விடுக்கிறார்கள். போடூர், ஆழியாளம், ராமாபுரம் என்று ஊர் ஊராகச் செய்தி போகிறது: "அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் தனியாக வெளியே வராதீர்கள்!"

இதே ஊர்களில் சிலருக்கு மாத்திரம் வேறோர் உத்தரவு உண்டு. "தினமும் நடக்க வேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது." இது டாக்டரின் உத்தரவு. பாரிச வாயு கண்டு, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீடு திரும்பியவர்களுக்குச் சொல்லப்படுவது.

நடக்கச் சொல்கிறார் டாக்டர். வெளியே வராதே என்கிறார் வனக்காவலர். நோயாளி யார் பேச்சைக் கேட்பது?

வேடிக்கையான கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் யானை வருவது சில மாதங்கள்தான். யானை வராத மாதங்களிலும் பாரிச வாயு கண்டவர்களில் அநேகர் நடப்பதில்லை. அவர்களை உட்கார வைத்திருப்பது யானை அல்ல. வீட்டாரின் அன்பும், வீட்டில் ஆள் இல்லாத வெறுமையும்தான்!

திண்ணையில் ஒரு பெரியவர்

இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பத்தை மனத்தில் கற்பனை செய்து பாருங்கள். பெரியவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தக்காளியும் ராகியும் போட்ட கை. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கப் போனார், முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். உயிர் பிழைத்தது. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மகனுக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை. 1970-களில் சிப்காட் வந்தது முதல் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பலவும் அங்கே உற்பத்தியாகி வருகின்றன. இந்த வாரம் காலை ஷிப்டு, அடுத்த வாரம் ராத்திரி ஷிப்டு. கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு ஓடவேண்டும். மருமகளும் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறாள். பேரன் பள்ளிக்கூடம். வீட்டில் மிஞ்சுவது பெரியவரும் அவர் சம்சாரமும்தான். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி.

குறை சொல்ல முடியாத குடும்பம். எல்லோருக்கும் அவர்மேல் உயிர். ஆகையினால் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். "நீங்கள் எழுந்திருக்காதீர்கள் அப்பா" என்கிறான் மகன். "எது வேண்டுமென்றாலும் கூப்பிடுங்கள் மாமா" என்கிறாள் மருமகள். தண்ணீர் கைக்கு வருகிறது. சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார்கள். சட்டையை மாட்டி விடுகிறார்கள். பிறகு எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

இதிலே என்ன தவறு என்று கேட்கலாம். தவறு இரண்டு. ஒன்று, அவருக்கு வேலையே இல்லை. மற்றொன்று, அவருக்குத் துணையே இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை உலகத்து வைத்திய நிபுணர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

நோய் காலில் இல்லை, தலையில்!

தமிழில் பாரிச வாயு, பக்கவாதம். கன்னடத்தில் பார்ஸ்வவாயு. தெலுங்கில் பக்ஷவாதம். மூன்று பாஷைகளும் புழங்கும் இந்த எல்லைப் பிரதேசத்தில் மூன்று பெயரும் காதில் விழும். பெயரில் வாயு இருந்தாலும், காற்றுப் பட்டதனால் வரும் நோயல்ல இது.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்துக்கொள்கிறது. அல்லது வெடித்து ரத்தம் கசிகிறது. அடைப்பினால் வருவதே அதிகம். ரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி மடிகிறது. அந்தப் பகுதி எந்தக் கையை, எந்தக் காலை ஆட்டி வைத்ததோ, அது விழுந்துவிடுகிறது. மூளையின் இடப் பக்கம் கெட்டால் உடலின் வலப் பக்கம் விழும். பலருக்குப் பேச்சும் போகும்.

ஆகவே விழுந்த கையில் புறா ரத்தத்தைத் தடவுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கோளாறு கையில் இல்லையே! முகம் கோணுதல், கை தொங்குதல், பேச்சுக் குழறுதல் - இவற்றில் ஒன்று திடீரென்று கண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிட்டு, மூளையைப் படம் எடுத்துப் பார்க்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதற்குள் போடுவதிலும் எத்தனைக்கெத்தனை சீக்கிரமோ அத்தனைக்கத்தனை நல்லது.

உயிர் பிழைத்த பிறகு நடப்பதுதான் அதிசயம். மடிந்த பகுதி மீண்டும் முளைக்காது. ஆனால் பக்கத்திலுள்ள பகுதிகள் அதன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளுகின்றன. குழந்தை நடை பழகுவது போல மூளை மறுபடியும் நடை பழகுகிறது. இந்தப் படிப்பு முதல் மூன்று மாதங்களில் வேகமாக நடக்கும். பிறகு வேகம் குறையும். ஆனால் அடியோடு நின்றுவிடாது.

படிப்பு என்றால் பாடம் வேண்டும் அல்லவா? அசைவதுதான் மூளைக்குப் பாடம். அசையாதவனுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது!

உட்கார்ந்தே இருந்தால்...

உபயோகிக்காத தசை இளைக்கிறது. மடக்கி நீட்டாத மூட்டு இறுகிப்போகிறது. படுத்தே கிடப்பவரின் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். மார்ச்சளி சேர்ந்து நிமோனியா காணலாம். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வரும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்கடங்காமல் போகும். அவை கட்டுக்கடங்காமல் போனால் இரண்டாம் தடவை பாரிச வாயு வருவதற்குக் கதவைத் திறந்துவிட்டது போலத்தான்.

2016-ஆம் ஆண்டில் 32 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. பாரிச வாயுவில் 100-க்கு 90 பங்கு, மாற்றக்கூடிய பத்துக் காரணங்களோடு சம்பந்தப்பட்டது என்று அது கண்டது. அவற்றில் முதன்மையானது ரத்தக் கொதிப்பு. தேக உழைப்பு இல்லாமையும் அந்தப் பத்தில் ஒன்று.

இவற்றையெல்லாம்விட நுட்பமான கெடுதல் ஒன்று உண்டு. வலக்கை விழுந்தவர் முதலில் அதைத் தூக்கிப் பார்க்கிறார், முடியவில்லை. இடக்கையால் சாப்பிடப் பழகிக்கொள்கிறார். சில வாரங்களில் வலக்கைக்குக் கொஞ்சம் உயிர் திரும்புகிறது. ஆனால் மனம் அதை மறந்துவிட்டது! கை வரும், அவர் அதைக் கூப்பிடுவதில்லை.

அமெரிக்காவில் எட்வர்டு டாப் என்ற மனோதத்துவ நிபுணர் இதற்கு விசித்திரமான ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டிவிடுவது! வேறு வழியில்லாமல் நோயாளி விழுந்த கையையே உபயோகிக்க வேண்டும். 222 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். எல்லோரும் விரலையும் மணிக்கட்டையும் கொஞ்சமாவது அசைக்க முடிந்தவர்கள். நோய் கண்டு மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். இரண்டே வாரப் பயிற்சி. கை தேறியது; ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேர்ச்சி நிலைத்திருந்தது. 2006-இல் வெளியான முடிவு இது.

இந்த ஆராய்ச்சியை நம் திண்ணைப் பெரியவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நல்ல கையைக் கட்டிப்போட்டு நோயுற்ற கையை எழுப்பினார்கள். இங்கே அன்பு மிகுதியால், நோயுற்ற கையோடு நல்ல கையையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறோம்!

சும்மாவும், தனியாகவும்

கிராமத்து வீட்டில்தான் இப்படி. பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படி இருக்காது என்று நினைக்கவேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஒரு காரியம் செய்தார்கள். பாரிச வாயுவுக்கென்றே தனி வார்டு உள்ள ஐந்து ஆஸ்பத்திரிகளில், நோய் கண்டு இரண்டு வாரத்துக்குள் இருந்த 58 நோயாளிகளைக் காலை முதல் மாலை வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். என்ன செய்கிறார்? பக்கத்தில் யார் இருக்கிறார்?

முடிவு 2004-இல் வெளியாயிற்று. பகல் பொழுதில் பாதிக்கு மேல் நோயாளிகள் படுக்கையில் இருந்தார்கள். தேறுவதற்கு உதவக்கூடிய அசைவுகளில் கழிந்த நேரம் 100-க்கு 13 பங்குதான். 100-க்கு 60 பங்கு நேரம் பக்கத்தில் ஒருவருமே இல்லை! சும்மா இருப்பதும் தனியாக இருப்பதும் கூடப் பிறந்தவை போல ஒன்றாகவே காணப்பட்டன. சிறந்த வைத்திய வசதியுள்ள நகரத்து நிலைமை இது.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் முதல் நாளே எழுப்பி நடத்திவிடுவோம்" என்று புறப்பட்டுவிடக்கூடாது. அதையும் அவர்களே சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகள். ஒரு சாராரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நடத்தினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியவர்கள் முதல் சாராரில் 100-க்கு 46 பேர். இரண்டாம் சாராரில் 50 பேர். அவசரம் உதவவில்லை! 2015-இல் வந்த இந்த முடிவு நல்ல பாடம். எப்போது எழுப்புவது, எவ்வளவு நடத்துவது என்பதை டாக்டர் சொல்லவேண்டும். அவர் சொன்ன பிறகு தள்ளிப்போடாமல் செய்யவேண்டியது வீட்டாரின் பொறுப்பு.

ஒரு நடிகையின் கதை

துணை என்பது என்ன செய்யும் என்பதற்கு ஒரு பிரபல நடிகையின் வாழ்க்கையே சாட்சி.

பாட்ரீஷியா நீல் ஹாலிவுட் நட்சத்திரம். 'ஹட்' படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர். 1965 பிப்ரவரியில், 39-வது வயதில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து மூர்ச்சையானார். அப்போது அவர் கர்ப்பிணி. மூன்று வாரம் நினைவு இல்லை. நினைவு திரும்பியபோது வலது கை கால் விழுந்திருந்தன. பேச்சும் போய்விட்டது.

கணவர் ரோல்ட் டால் குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ் பெற்றவர். மனைவியை இங்கிலாந்தில் கிரேட் மிசண்டன் என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் நம்பியது பக்கத்து வீட்டுக்காரர்களை! ஊர்க்காரர்கள் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவராக வந்தார்கள். ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வைப்பார். மற்றொருவர் கணக்குப் போட வைப்பார். இன்னொருவர் விளையாட்டுப் பலகையை விரிப்பார். இப்படித் தினமும் பல மணி நேரம். யாரும் தேர்ச்சி பெற்ற வைத்தியர்கள் அல்ல. சாதாரணமாகப் பழகும் அக்கம்பக்கத்தார்.

கணவரோ மிகவும் கண்டிப்பு. ஒரு பொருள் வேண்டுமென்றால் அதன் பெயரை மனைவி சரியாகச் சொல்லியாக வேண்டும். மனைவிக்குக் கோபம் வரும், அழுகை வரும். அந்தக் கண்டிப்பைப் பிற்காலத்தில் அவர் கசப்போடும் நினைவுகூர்ந்தார், நன்றியோடும் நினைவுகூர்ந்தார்.

1965 ஆகஸ்டில் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. 1968-இல் நீல் மறுபடியும் திரையில் தோன்றினார். அந்த நடிப்புக்காக மீண்டும் ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்து, 2010-இல் 84-வது வயதில் காலமானார். அவருக்குப் பாடம் சொல்ல வந்த பக்கத்து ஊர்ப் பெண்மணி வாலரி ஈட்டன் கிரிபித், அந்த அனுபவத்தை 1970-இல் புத்தகமாக எழுதினார். பாரிச வாயு நோயாளிகளின் வீடுகளுக்குத் தொண்டர்கள் போய்ப் பேச்சுத் துணையாக இருக்கும் ஏற்பாடு பிரிட்டனில் அதிலிருந்து வளர்ந்தது.

ஒருவருடைய கதையை எல்லோருக்கும் விதியாக்கிவிட முடியாது. நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வந்தவர்கள் நீலுக்குப் பணிவிடை செய்யவில்லை. அவரைச் செய்ய வைத்தார்கள்!

எவ்வளவு உதவி?

உதவியிலும் அளவு உண்டா? உண்டு என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அமெரிக்காவில் தாமஸ் கிளாஸ், ஜார்ஜ் மாடக்ஸ் என்ற இருவர் பாரிச வாயு கண்டவர்கள் சிலரை ஆறு மாத காலம் கவனித்து, 1992-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். சிறிய ஆராய்ச்சிதான், ஆனால் சிந்திக்கத் தக்கது. அன்பு, ஆறுதல், உற்சாகம் நிறையக் கிடைத்தவர்கள் நன்கு தேறினார்கள். கைவேலை உதவியோ வேறு விதமாக இருந்தது. அது மிதமாகக் கிடைத்தவர்களே நன்கு தேறினார்கள். அன்புக்கு அளவில்லை, பணிவிடைக்கு அளவுண்டு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

அப்படியானால் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமா? இதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். லூதியானா கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் துரை பாண்டியனும் ஆஸ்திரேலிய நிபுணர்களும் முன்னின்றார்கள். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். 2014 முதல் 2016 வரை சேர்க்கப்பட்ட இவர்களில் பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு, நோயாளிக்குப் பயிற்சி அளிக்கும் முறை கற்றுக்கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை.

ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களும் இரு பக்கமும் 100-க்கு 47 பேர். வித்தியாசமே இல்லை! 2017-இல் இந்த முடிவு வெளிவந்தபோது பலருக்கு ஏமாற்றம்.

ஆனால் இந்த உண்மையை மறைத்துப் பயனில்லை. பாசமுள்ள குடும்பம், சில மணி நேரப் பயிற்சி - இவை தேர்ந்த உடற்பயிற்சி நிபுணருக்கு ஈடாகிவிடா. எல்லாவற்றையும் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரி கை கழுவிவிட முடியாது. குடும்பம் துணை நிற்கலாம். வழி காட்ட நிபுணர் வந்தாக வேண்டும்.

வீட்டுப் படி ஏறிய வைத்தியம்

நிபுணர் கிராமத்துக்கு வருவாரா? சானமாவு வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனிச் சிறப்பு உண்டு. "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார்.

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் முதல் அம்சம். படுக்கையில் கிடப்பவர்களை நர்சு வீட்டிலேயே போய்க் கவனிப்பது இரண்டாவது. உடற்பயிற்சி சிகிச்சை நிபுணர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பது மூன்றாவது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த விருது ஒன்றும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

பாரிச வாயு கண்டவருக்கு இந்த மூன்றாவது அம்சம் பெரும் உதவி. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டாம். மகன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம். ஆனால் நிபுணர் ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றவேண்டியவர். அவர் வந்து போகும் நேரம் சொற்பம். அவர் வராத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் பெரியவரை எழுப்புவது யார்?

அங்கேதான் ஊரும் உறவும் வரவேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, அவருக்கு வேலை கொடுங்கள். முறத்தில் ராகியைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொல்லலாம். அவரைக்காய் உரிக்கலாம். தக்காளியில் பழுத்தது வேறு, காய் வேறு என்று தரம் பிரிக்கலாம். விழுந்த கையையும் சேர்த்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். நேரமாகத்தான் செய்யும். நேரமாகட்டும்! நீங்கள் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடக்கூடிய வேலையை அவர் இருபது நிமிஷம் செய்தால், அந்த இருபது நிமிஷமும் சிகிச்சை.

இரண்டாவது, அவர் செய்யக்கூடியதை அவரே செய்யட்டும். சட்டையை விழுந்த கையில் முதலில் மாட்டவேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்கவேண்டும். இதைக் கற்றுக்கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மறுபடி உட்காருவது சிறந்த பயிற்சி. எத்தனை தடவை என்பதை நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நடக்கும்போது விழுந்த பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். கைத்தடி அவருடைய நல்ல கையில் இருக்கவேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது; தோள்மூட்டு நழுவி, ஆயுசுக்கும் வலி தங்கிவிடும். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினால் அலட்சியம் வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை, "இப்போது நன்றாக இருக்கிறது" என்று நிறுத்திவிடாதீர்கள்.

நான்காவது, பேசுங்கள். பேச்சுப் போனவருக்குப் புத்தி போகவில்லை. வீட்டில் தெலுங்கு பேசிப் பழகியவரிடம் தெலுங்கிலே பேசுங்கள், கன்னடமானால் கன்னடம். அவர் வார்த்தையைத் தேடும்போது முந்திக்கொண்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சற்றுப் பொறுங்கள். பாரிச வாயு கண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு வேண்டாம், ஒருவரும் வேண்டாம், இருந்து என்ன என்று சொல்லத் தொடங்கினால் அது பிடிவாதம் அல்ல, நோய். அதற்கும் மருந்து உண்டு.

ஐந்தாவது, பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள். முழங்கால் வலியோடு கணவரைத் தூக்கி நிறுத்தும் அந்த அம்மாளுக்கு ஓய்வு யார் கொடுப்பது? உறவினர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தாலும் போதும். அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

இன்னொரு விஷயமும் உண்டு. விழுந்தவர் ஆணாக இருந்தால் மனைவி நடத்திச் செல்கிறாள். விழுந்தவள் அந்த அம்மாளாகவே இருந்தால்? "இத்தனை நாள் உழைத்தது போதும், படுத்திரு" என்று மூலையில் பாயை விரித்துக் கொடுப்பதோடு பல வீடுகளில் கடமை முடிந்துவிடுகிறது. அவளுக்கும் மூளை உண்டு; அதற்கும் பாடம் வேண்டும். அவள் கூடவும் ஒருவர் நடக்கவேண்டும்.

யானை வரும் மாதங்களில்...

டாக்டர் பேச்சைக் கேட்பதா, வனக்காவலர் பேச்சைக் கேட்பதா என்று ஆரம்பத்தில் ஒரு கேள்வி எழுந்தது அல்லவா? இரண்டு பேச்சையும் கேட்கலாம். நடை என்றால் விடியற்காலையில் காட்டோரச் சாலையில்தான் நடக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. யானை முகாமிட்டிருக்கும் மாதங்களில் நன்றாக வெயில் ஏறிய பிறகு ஊருக்குள்ளேயே நடக்கலாம். வீட்டு வாசலிலிருந்து கோயில் வரை போய்த் திரும்பலாம். முடியாதவர் கூடத்திலேயே சுவரைப் பிடித்து நடக்கலாம். இன்று பத்து அடி. நாளை பன்னிரண்டு அடி.

வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான தேக உழைப்பு வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உடல் ஊனமுற்றவர்களையும் சேர்த்தே சொன்னது. முடியாதவர்கள் முடிந்த அளவு செய்யட்டும், சும்மா இருப்பதைவிட எதுவும் மேல் என்றும் சொல்லிற்று. நாளைக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். காலை ஷிப்டு முடிந்து வரும் மகனுக்குச் சாயங்காலம் இருபது நிமிஷம் இல்லாமல் போகாது. ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவனுக்குப் பகலில் இருபது நிமிஷம் கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரனுக்கோ தாத்தாவோடு கோயில் வரை போவது விளையாட்டு!

வனக்காவலர் சொன்ன வார்த்தைகளை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். "தனியாக வெளியே வராதீர்கள்" என்றுதான் அவர் சொன்னார். யானைக்காகச் சொன்னது பாரிச வாயுவுக்கும் பொருந்துகிறது. விழுந்தவரை வீட்டுக்குள் பூட்டி வைக்கவேண்டாம். தனியாக விடவும் வேண்டாம்.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். "வாருங்கள், பானை வரைக்கும் போய் வரலாம்" என்று கூப்பிடுங்கள்.